எதிரி பேர் தெரியாத பிராது

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் ஆவணி மாதத்தில் விருத்தாசலத்தில் யாராவது நிமிர்ந்து நடந்துபோனால் மற்றவர்கள் நின்று பார்த்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் படியில் ஒரு காலை வைத்துவிட்டு அடுத்த காலை எடுக்க யோசித்தார்கள். கடைவீதியில் அறுபது வயது ஆளும் இருபது வயதுப் பெண்ணும் ஒரே மாதிரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு, முட்டியை மடக்காமல் வாத்து நடை நடந்தார்கள். சிக்குன்குனியா என்று டாக்டர்கள் சொன்னார்கள். ஜனங்கள் வாயில் அது சிக்கன்குனியா ஆனது. கோழிக்கறி தின்றால்தான் வருகிறது என்று யாரோ கிளப்பிவிட, பாலக்கரையில் கறிக்கடைகள் ஈயோட்டின. அந்த மாதம் ஊரில் வலியில்லாமல் நடமாடியவை கோழிகள்தான்.

செராமிக் பேட்டையை ஒட்டி ஒரு தெரு. நாற்பது வீடுகள், பாதிக்கு மேல் பீங்கான் வேலைக்காரர்கள். வெள்ளை மண்ணைத் தண்ணீரில் பால் மாதிரி கரைத்து அச்சில் ஊற்றி வைப்பார்கள். அச்சு தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். மண் மட்டும் ஓரமாகத் தோல் கட்டும். மிச்சப் பாலைக் கவிழ்த்துவிட்டு அச்சைப் பிரித்தால் உள்ளே டீ கோப்பையோ, ஊறுகாய் ஜாடியோ, பொம்மையின் பாதி உடம்போ இருக்கும். ஈரப் பஞ்சால் ஓரம் துடைத்து, காயவைத்து, பளபளப்புப் பூச்சில் முக்கியெடுத்துச் சூளைக்குக் கொண்டுபோவார்கள். காலையில் அந்தத் தெருவுக்குள் நுழைந்தால் அச்சைத் தட்டும் சத்தம் வீட்டுக்கு வீடு கேட்கும். அந்த ஆவணியில் அது ஒவ்வொரு வீடாக நின்றுகொண்டே வந்தது.

முதலில் படுத்தவன் லாரி டிரைவர் மாயவன். ஆந்திராவுக்கு ஜாடி லோடு ஏற்றிக்கொண்டு போனவன், காய்ச்சலோடு திரும்பி வந்தான். தொண்ணூறு கிலோ ஆள். வண்டியிலிருந்து இறங்கத் தெம்பில்லாமல் ஸ்டீயரிங்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூன்று பேர் சேர்ந்து மூட்டை இறக்குவதுபோல் இறக்கினார்கள். பத்து நாளில் அவன் வீட்டுக்கு இந்தப் பக்கம் நாலு வீடு படுத்தது, அந்தப் பக்கம் மூன்று. அப்புறம் படுத்தவர்களை விட்டுவிட்டுப் படுக்காதவர்களை எண்ண ஆரம்பித்தார்கள்.

படுக்காதவர்களில் ஒருத்தி தங்கம்மாள். நாற்பத்தாறு வயது. அவள் வீட்டுக்காரர் ராஜாங்கம் ஜாடி செய்வதில் பேர்போனவர். அவர் செய்த ஜாடியில் போட்ட எலுமிச்சங்காய் அடுத்த வருஷமும் பூசணம் பிடிக்காது என்பார்கள். ஒரே மகள் இளமதியைப் பெண்ணாடத்தில் சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கும் பிரவீன்குமாருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள் அவள். ஒன்பதாவது மாதம்.

காலையில் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நின்றிருந்தாள் எதிர்வீட்டுப் பூவாயி. ஐம்பது வயதைத் தாண்டியவள். பொம்மைகளுக்குக் கண் எழுதுகிற கைக்காரி, தெருவுக்கே வாய்க்காரி.

"ஏ தங்கம், இந்தக் கொடத்தச் செத்த தூக்கி வுடு. கையி வளைய மாட்டுது."

தங்கம்மாள் தூக்கி இடுப்பில் வைத்தாள். பூவாயி "யம்மாடி" என்று அலறவும் திரும்பத் தன் இடுப்புக்கே மாற்றிக்கொண்டாள்.

"எப்பிடிக்கா இருக்குது?"

"எப்பிடி இருக்குது! கண்ணு எழுதலாம்னு ப்ரஷ்ஷ எடுத்தன். வெரலு மடங்குனாத்தான? சோத்தப் பெசஞ்சி வாயில வக்க முடியல. எம் புருசன் ஊட்டி வுடுறாரு. கல்யாணம் ஆன புதுசுலகூட அந்த மனுசன் ஊட்டுனதில்ல."

குழாயடியில் சிரிப்பு எழுந்தது. சிரித்தவர்கள் எல்லாம் உடனே விலாவைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஒனக்கு மட்டும் ஏன்டி வர்ல? என்னா திங்குற?"

"வந்துடப் போவுதுக்கா. வாய வக்காத. வூட்டுல புள்ளத்தாச்சி இருக்குறா."

பூவாயி சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அவள வெளிய வுடாத."

மறுநாள் ராஜாங்கம் படுத்தார். அச்சைப் பிரித்துக்கொண்டிருந்தவர், கையிலிருந்த ஈர ஜாடியைக் கீழே வைக்க முடியாமல் அப்படியே நின்றார். மணிக்கட்டு பூட்டிக்கொண்டது. தங்கம்மாள் விரல் விரலாகப் பிரித்து ஜாடியை வாங்கினாள். உடம்பு சூளைக் கதவு மாதிரி கொதித்தது. முப்பது வருஷம் மண் சுமந்த ஆள் கயிற்றுக்கட்டிலில் புரள முடியாமல் கிடந்து, "என்னா புள்ள இது, எலும்புக்குள்ள யாரோ குந்திக்கிட்டுத் திருவுறாங்க" என்று குழந்தை மாதிரி அழுதார். அவர் அழுது இளமதி பார்த்ததே இல்லை. வாசற்படியைப் பிடித்துக்கொண்டு அப்பாவையே பார்த்தபடி நின்றாள்.

"நீங்க அழுதா அது பயப்புடுது" என்றாள் தங்கம்மாள்.

"எனக்கு வந்தத விடு. அவளுக்கு வராம இருக்கணும். கொளஞ்சியப்பருக்குப் பிராது குடுத்துட்டு வா."

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் குறையைக் காகிதத்தில் எழுதி, போலீசில் கம்ப்ளெயிண்ட் கொடுப்பதுபோல் சாமியிடம் கொடுத்து, முனியப்பர் சன்னதியில் வேலில் கட்டிவிட்டு வருவார்கள். ஆடு திருடுபோனால், வரப்புத் தகராறு என்றால், புருஷன் ஓடிப்போனால் பிராது. தங்கம்மாள் நடந்தே போனாள். வேல் முழுக்கக் காகிதம் காகிதமாகத் தொங்கியது. எழுதிக்கொடுக்கிறவர் அன்றைக்குக் கையில் துணி சுற்றிக்கொண்டு எழுதினார், அவருக்கும் வந்திருந்தது.

"சொல்லும்மா. என்னா பிராது?"

"தெருவே படுத்துக் கெடக்குது. எம் பொண்ணுக்கு இது மாசம். அவளுக்கு வரக்கூடாது. இதக் கொண்டாந்தவங்கள சாமி கேக்கணும்."

"எதிரி பேரு?"

"பேரு தெரியாதுங்க."

"ஊரு?"

"தெரியாதுங்க. ஆருன்னே தெரியல."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எதிரி இல்லாம எப்பிடிம்மா பிராது எழுதுறது?"

"இருக்குறாங்க. பேருதான் தெரியல. அப்பிடியே எழுதுங்க."

'பெயர் தெரியாத எதிரி' என்று எழுதினார். கட்டிவிட்டு வரும்போது அவளுக்கு மனசு கொஞ்சம் லேசானது.

அதற்கு மூன்றாம் நாள் உச்சி வெயிலில் செபாஸ்டியன் வந்தார். சுகாதார இலாகாவில் கொசு ஒழிப்பு வேலை. தெருக்காரர்களுக்கு அவர் 'கொசுக்காரர்'. இருபது வருஷமாக இதே தெருக்களில் சைக்கிளில் வருகிறவர். அன்றைக்குச் சைக்கிளை ஓட்டாமல் தள்ளிக்கொண்டு வந்தார். அவருக்கும் முட்டி வீங்கியிருந்தது. சைக்கிளை அவர் ஊன்றுகோலாகத்தான் கொண்டுவந்திருந்தார்.

"என்னா சார், நீங்களுமா?"

"கொசுவுக்கு ஆளு தெரியுமா தங்கச்சி? பதிமூணு நாளாச்சி. லீவு எழுதிக் குடுத்துட்டுப் படுன்றாங்க. எங்க ஆளுங்க பாதிப் பேரு படுத்துட்டாங்க. நானும் படுத்துட்டா ஆரு பாக்குறது. தண்ணி எங்கல்லாம் புடிச்சி வச்சிருக்கிறீங்க?"

டிரம், தொட்டி, அண்டா எல்லாவற்றையும் காட்டினாள். மூடி போட்டிருந்தது. அவர் தலையை ஆட்டினார். பிறகு தோட்டத்துப் பக்கம் கைகாட்டினார். "அது என்னா?"

முருங்கை மரத்தடியில் ஆள் உயரத்துக்கு ஒரு குவியல். ஏழு வருஷமாகச் சேர்ந்தது. சூளையில் மயிரிழை கீறல் விட்ட ஜாடிகள், ஒரு பக்கம் சாய்ந்த கோப்பைகள், பளபளப்பு பொத்துக் கொப்பளம் போட்ட கிண்ணங்கள். 'கண்ணுக்குத் தெரியாத கீறலுக்காவ தூக்கிப் போடுவாங்களா? மாசி மகத்துக்குக் கட போட்டாப் போவுது' என்று ஒவ்வொரு வருஷமும் ராஜாங்கம் சொல்வார். குவியல் வளர்ந்துகொண்டே போனது. ஆடியில் பெய்த நாலு மழை எல்லா ஜாடிக்குள்ளும் நின்றது.

செபாஸ்டியன் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அங்கே கிடந்த வெள்ளைக் கோப்பை ஒன்றால் ஜாடித் தண்ணீரை மொண்டார். வெயிலுக்கு நேராகப் பிடித்தார்.

"வந்து பாருங்க."

தங்கம்மாளுக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கண் பழகியது. தண்ணீரின் மேல்மட்டத்திலிருந்து நூல் துண்டுகள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அவள் நிழல் கோப்பையில் விழுந்ததும் அத்தனையும் ஒரே நேரத்தில் சுருண்டு துடித்துக் கீழே இறங்கின. நிழலை எடுத்தாள். ஒவ்வொன்றாக மேலே வந்து மறுபடி தொங்கின. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். அசிங்கமாகத் தெரியவில்லை அவளுக்கு. அவ்வளவு சுத்தமான வெள்ளையில், அவ்வளவு ஒழுங்காக, தங்களுக்கு என்ன வேலை என்று தெரிந்தவைபோல அவை இருந்தன. பயமாக இருந்தது.

"இதுவா சார்? இதுவா மாயவன் தம்பிய மூணு பேரா எறக்க வச்சிது?"

"இது வளந்து கொசுவாவும். ஒடம்புலயும் காலுலயும் வெள்ளை வரி போட்டிருக்கும். பகல்லதான் கடிக்கும். ஆனா கொசுவும் சும்மா வண்டிதான் தங்கச்சி. அதுல ஏறி வர்றது வேற ஒன்னு. கிருமி. அத நீங்களும் பாக்க முடியாது, நானும் பாக்க முடியாது. எங்க ஆபீசு பூதக்கண்ணாடியிலயும் தெரியாது. ஒரு கொசு வயித்துக்குள்ள அது லட்சக்கணக்குல கெடக்குமாம்."

"கொசு வயித்துலயா? கொசுவே கடுகத்தனதான இருக்குது?"

"ஆமாம். இருவது வருசமா இந்த வேலயப் பாக்குறேன். இன்னும் எனக்கு மெரட்சி அடங்கல." கோப்பையை மெல்லச் சுற்றினார். "இன்னொன்னு கேளுங்க. இதோட முட்ட ஜாடி உள்சுவத்துல ஒட்டியிருக்கும். தண்ணி வத்தி, மாசக்கணக்குல வெயில்ல காஞ்சி கெடந்தாலும் சாவாது. அடுத்த மழ வந்து தண்ணி ஏறுச்சின்னா ஒடனே பொரியும்."

"அப்ப இங்கேர்ந்துதான் எல்லாருக்கும் போச்சா?"

செபாஸ்டியன் கோப்பையை மண்ணில் கவிழ்த்தார். துடித்தவை துடித்து நின்றன.

"கொசு பொறக்கும்போது நோயோட பொறக்கல. நோயாளியக் கடிச்சிதுன்னாதான் அதுக்கு ஏறும். மாயவன் ஆந்திராவுலேர்ந்து கொண்டாந்திருக்கலாம். அவன் வேணும்னு கொண்டாந்தானா? அவனக் கடிச்ச கொசு எங்க பொறந்திச்சின்னு ஆரு சொல்றது. ஆனா மாயவன் வூட்டுக்குப் பின்பக்கந்தான் உங்க முருங்க மரம் இருக்குது."

தங்கம்மாளுக்கு மணவாளநல்லூர் வேல் ஞாபகம் வந்தது. பெயர் தெரியாத எதிரி. அவளே தன் வாயால் சொல்லி எழுதவைத்தது.

உள்ளே கட்டிலில் கிடந்த ராஜாங்கத்துக்கு எல்லாம் காதில் விழுந்திருந்தது.

"ஒடைக்கச் சொல்றாரா?"

"ஒடைக்கணும், இல்ல எல்லாத்தையும் கவுத்துக் கூரைக்கு உள்ள வைக்கணும்ங்க" என்றார் செபாஸ்டியன் வாசலில் நின்றபடி. "ஆயிரத்துக்கு மேல இருக்குது. வைக்க எடமில்ல."

"அது ஒடசல் இல்ல சார். நான் செஞ்ச பொருளு. ஒத்தக் கீறல் விட்டதுக்குப் பொருளு செத்துப்போச்சின்னு அர்த்தமா?"

"நான் அப்பிடிச் சொல்லலிங்க."

"பொழுதெல்லாம் சூள முன்னால நின்னு வேவ வச்சது. நீங்க வந்து ஒரு கோப்பத் தண்ணிய மொண்டு காமிச்சிட்டு ஒடைன்னா ஒடச்சிடுறதா?" அவர் எழுந்திருக்கப் பார்த்தார். முழங்கை ஊன்றவில்லை. விழுந்தார். "தொடக் கூடாது. நான் ஏந்திரிக்கிற வரைக்கும் ஆரும் தொடக் கூடாது."

அப்போது பின்கதவில் இளமதி வந்து நின்றாள். ஒரு கையால் வயிற்றையும் ஒரு கையால் நிலையையும் பிடித்திருந்தாள். முகம் சிவந்திருந்தது.

"அம்மா, கணுக்காலு குத்துது. குளுருது."

தங்கம்மாள் ஓடிப்போய் மகளின் கழுத்தில் கைவைத்தாள். எடுத்துவிட்டாள். செபாஸ்டியனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சைக்கிளை அங்கேயே சாத்திவிட்டு, முட்டி வலியை மறந்து, ஆட்டோ கூப்பிடத் தெருமுனைக்கு நடந்துகொண்டிருந்தார்.

*

மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு விருத்தாசலம் பெரியாஸ்பத்திரியில் இளமதிக்குப் பெண்குழந்தை பிறந்தது. காய்ச்சலிலேயே பெற்றாள். முக்குவதற்குக் கட்டிலைப் பிடிக்கவேண்டும். பிடிக்க விரல் மடங்கவில்லை. நர்ஸ் ஒருத்தி தன் இரண்டு கையையும் கொடுத்து, மணிக்கட்டோடு பிணைத்துக்கொள்ளச் சொன்னாள். குழந்தை இரண்டே முக்கால் கிலோ, நல்ல அழுகை. பெண்ணாடத்திலிருந்து பஸ் பிடித்து வந்த பிரவீன்குமார் மகளைப் பார்த்துவிட்டு வராந்தா தூணில் சாய்ந்துகொண்டு அழுதான்.

டாக்டர் பூர்ணிமாவுக்கு முப்பது வயதிருக்கும். குழந்தையைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தவள் சிரிக்கவில்லை.

"கொழந்த நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு வாரம் இங்கயே இருக்கணும். வீட்டுக்குப் போறேன்னு கேக்கக் கூடாது."

"ஏம்மா?"

"ஆப்பிரிக்கா பக்கத்துல ஒரு தீவுல இந்த வருஷம் இதே காய்ச்சல் வந்துது. பிரசவ நேரத்துல அம்மாவுக்கு இருந்தா, பொறந்த கொழந்தைக்கும் போகுதுன்னு அங்க இருக்குற டாக்டருங்க சொல்லியிருக்காங்க. பொறக்கும்போது தெரியாது. மூணு நாலு நாள் கழிச்சித்தான் தெரியும். எங்க புஸ்தகத்துல இது இல்ல. நானே போன மாசந்தான் படிச்சேன்."

எங்கேயோ கடலுக்கு நடுவில் ஒரு தீவு. அங்கேயும் ஒரு தாய் பெற்றிருக்கிறாள், அங்கேயும் ஒருத்தி இப்படி வராந்தாவில் நின்றிருக்கிறாள். அவர்களுக்கு நடந்ததால்தான் இந்த டாக்டர் பெண்ணுக்கு இது தெரிகிறது. தங்கம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். டாக்டரைக் கும்பிட்டாளா, அந்தத் தீவுக்காரியையா என்று அவளுக்கே தெரியவில்லை.

மூன்றாம் நாள் பூவாயி வந்தாள். தெருமுனையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அரை மணி நேரத்தில் நடந்துவிடலாம். அவளுக்கு இரண்டு மணி நேரமானது. தூக்குவாளியை முழங்கையில் மாட்டியிருந்தாள். பூண்டுக் கஞ்சி, கருவாட்டுத் துவையல்.

"ராஜாங்கத்துக்கு எங்க வூட்டுலேர்ந்துதான் சோறு போவுது. நீ கவலப்படாத" என்றவள் தொட்டிலை எட்டிப் பார்த்தாள். "அப்பன் மூக்குடி. தப்பிச்சிக்கிட்டா மவராசி."

தங்கம்மாளால் அதைத் தாங்க முடியவில்லை.

"அக்கா, ஒன்னு சொல்லணும். எங்க தோட்டத்து ஜாடியிலதான் அது இருந்துது. கொசுக்காரரு மொண்டு காமிச்சாரு. ஒங் கையி வீங்குனதுக்கும், தெரு படுத்ததுக்கும் எங்க வூட்டுக் குவியலுதான் காரணம்."

பூவாயி அவளையே பார்த்தாள். கொண்டுவந்த கஞ்சியைப் பாத்திரத்தில் ஊற்றிவைத்தாள். காலித் தூக்குவாளியை முழங்கையில் மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து வராந்தாவில் நடந்து போய்விட்டாள். 'இனிமே அந்த வாசல்ல எப்பிடி முழிக்கிறது' என்று தங்கம்மாள் நினைத்தாள்.

நாலாம் நாள் காலையில் குழந்தை பால் குடிக்க மறுத்தது. தொட்டால் வீறிட்டது. பதினோரு மணிக்கு அதன் இடது கை தானாக வெட்டி வெட்டி இழுத்தது.

டாக்டர் பூர்ணிமா குழந்தையைத் தன் கையாலேயே துணியில் சுற்றினாள். "புதுச்சேரிக்கு எழுதித் தரேன். அங்க கொழந்தைங்களுக்குத் தனி வார்டு இருக்கு. லேட் பண்ணாதீங்க."

ஆம்புலன்ஸில் நெய்வேலி, வடலூர், பண்ருட்டி எல்லாம் ஓடின. மூடின சன்னல் வழியாகக் கரும்பும் முந்திரியும் சவுக்கும் பின்னால் போயின. இளமதி தன் மார்பில் பால் கட்டிச் சேலை நனைவதைக்கூடப் பார்க்காமல், குழந்தையின் மூக்கு விரிந்து சுருங்குவதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

புதுச்சேரியில் கண்ணாடி அறைக்குள் வைத்தார்கள். மூக்கில் குழாய், கட்டைவிரல் அகலக் கையில் ஊசி. பிறந்து நாலு நாளான உடம்பு முழுக்கச் செம்புள்ளி. மூக்கின் மேல் கரி தடவியதுபோல் கறுத்துக்கொண்டு வந்தது. இதற்கென்று மருந்தில்லை என்று சொல்லிவிட்டார்கள். காய்ச்சலைக் குறைக்கலாம், வலிப்பை அடக்கலாம், தண்ணீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொள்ளலாம். மற்றதை அதன் உடம்புதான் பார்த்துக்கொள்ளவேண்டும்.

"அதும் ஒடம்பா?" என்றான் பிரவீன்குமார். "என் உள்ளங்கையி அளவு இருக்குது. அது என்னாத்தப் பாத்துக்கும்?"

தங்கம்மாள் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள். தெருவில் நாற்பது வயது, ஐம்பது வயது ஆம்பளைகள் 'யம்மா யப்பா' என்று கத்தின வலி. அதை அந்தச் சின்ன உடம்பு உதட்டைக் குவித்துக்கொண்டு, கண்ணை இறுக்கிக்கொண்டு, ஒற்றையாளாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. அது மூச்சை இழுக்கும்போதெல்லாம் தங்கம்மாளும் இழுத்தாள்.

ஏழாம் நாள் மாற்றுத்துணி எடுத்துவர அவளை ஊருக்கு அனுப்பினார்கள். 'அப்பிடியே இருக்குது. கூடவும் இல்ல, கொறையவும் இல்ல' என்று டாக்டர் சொன்னது காதில் இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கித் தெருமுனை திரும்பும்போது சத்தம் கேட்டது.

அச்சைத் தட்டுகிற சத்தமில்லை. பீங்கான் உடைகிற சத்தம். ஒன்று, இரண்டு இல்லை. ஓட்டின்மேல் ஆலங்கட்டி மழை விழுந்தால் எப்படியோ அப்படி. தங்கம்மாள் ஓடினாள்.

அவள் வீட்டுத் தோட்டத்தில் முருங்கை மரத்தைச் சுற்றி இருபது முப்பது பேர் தரையில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவராலும் குந்த முடியாது, நிற்க முடியாது. சுத்தியலைப் பிடிக்க முடியாதவர்கள் அதைத் துணியால் மணிக்கட்டோடு கட்டியிருந்தார்கள். மாயவன் மடியில் ஜாடியை வைத்துக் கல்லால் தட்டிக்கொண்டிருந்தான். பூவாயி அம்மிக் குழவியை இரண்டு முழங்கையாலும் உருட்டி உருட்டிக் கிண்ணங்களை நொறுக்கினாள். ஒவ்வொரு அடிக்கும் அடித்தவர் முகம் வலியில் கோணியது. அப்புறம் அடுத்ததை எடுத்தார்கள். நடுவில், உடைந்த வெள்ளைச் சில்லுகள் முட்டிவரை மூட, ராஜாங்கம் உட்கார்ந்திருந்தார்.

தங்கம்மாளைப் பார்த்ததும் எல்லாக் கையும் நின்றது. கேட்கப் பயந்துகொண்டு பார்த்தார்கள்.

"இருக்குது" என்றாள் அவள். "இன்னும் இருக்குது."

யாரோ மூச்சு விட்டார்கள். மறுபடி உடைக்கிற சத்தம் எழுந்தது.

ராஜாங்கம் கையில் வாய் சாய்ந்த ஒரு ஜாடி. "மூணு நாளா ஒடைக்கிறோம் புள்ள. நாந்தான் மொதல்ல ஆரம்பிச்சன். தவழ்ந்துகிட்டு வந்து ஒன்ன எடுத்துப் போட்டன். ஒடையல. ரெண்டாந்தரம் போட்டன், ஒடையல. இத்தினி கெட்டியாவா செஞ்சிருக்கிறன்னு இப்பத்தான் தெரியுது." தலையைக் குனிந்துகொண்டார். "பேத்திக்கி ஒன்னு ஆச்சின்னா இந்த ஜாடிய எல்லாம் வச்சிக்கிட்டு நான் என்னா பண்றது?"

தங்கம்மாள் பூவாயி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அக்கா, கோவமில்லியா?"

"கோவமில்லாம? அன்னைக்கி வழி பூரா ஒன்னத் திட்டிக்கிட்டேதான் வந்தன். இவ நல்லா இருப்பாளா, இவ குடி வெளங்குமான்னு. வூட்டுக்கு வந்து பின்பக்கம் கை கழுவப் போனன். ப்ரஷ்ஷு அலசுற தொட்டி ஒன்னு இருக்குதில்ல? எட்டிப் பாத்தன். அடியே, ஒன் ஜாடியாவது ஆறு மாசத்துக்கு ஒரு தரம் நனையிறது. எந் தொட்டியில எந்நாளும் தண்ணி. நெளியிது பாரு, அரிசி களைஞ்ச மாரி!" குழவியை நிறுத்தினாள். "கொசுக்காரரக் கூட்டியாந்து ஒவ்வொரு வூடா பாத்தம். முப்பத்தோரு வூட்டுல இருந்துது. ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாக்க முடியல. ஒன்ன மட்டும் எப்பிடித் திட்டுறது?"

"சாமிக்கிட்ட பிராது குடுத்துட்டு வந்துட்டங்கா. எதிரிய கேக்கச் சொல்லி."

"பேரு எழுதுனியா?"

"இல்ல."

ராஜாங்கம் இந்தப் பக்கம் திரும்பினார். "போயி எம் பேர எழுதிட்டு வந்துடு புள்ள. பேத்திய விட்டுட்டு என்னைக் கேக்கட்டும்."

"நீ ஒருத்தன் பேரு எப்பிடிப் பத்தும்?" என்றாள் பூவாயி. "எம் பேர எழுதணும், மாயவன் பேர எழுதணும், நாப்பது வூட்டயும் எழுதணும். ஆடி மழையையும் எழுதணும். அத்தினி பேர அந்த மனுசன் துணி சுத்துன கையால எழுதுவாரா? பேசாம ஒடை."

உடைத்தார்கள். தங்கம்மாளும் ஒரு கல்லை எடுத்துக்கொண்டாள். உடைத்த சில்லுகளை அகஸ்டின் என்கிற வண்டிக்காரர் மாட்டுவண்டியில் அள்ளிப்போய் ரோட்டுப் பள்ளத்தில் கொட்டினார். வெயிலில் தரையெல்லாம் வெள்ளையாக மின்னியது. அவர்களெல்லாம் பல நாளாக ஒரு பானை சோற்றை இறக்கி வைக்கத் தெம்பில்லாதவர்கள். சாயந்திரத்துக்குள் ஆள் உயரக் குவியல் இருந்த இடத்தில் ஈர மண்தான் இருந்தது. தெருவில் அன்றைக்கு ஒவ்வொரு டிரம்மும் கவிழ்ந்தது, ஒவ்வொரு தொட்டியும் தேய்த்துக் காயவைக்கப்பட்டது.

மறுநாள் அவள் புதுச்சேரி போய்ச் சேர்ந்தபோது வார்டு வாசலில் பிரவீன்குமார் நின்றிருந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் அவள் படியிலேயே நின்றுவிட்டாள். அவன் உள்ளே கையைக் காட்டினான்.

மூக்குக் குழாயை எடுத்திருந்தார்கள். இளமதி நாற்காலியில் உட்கார்ந்து குழந்தையை மார்போடு சேர்த்திருந்தாள். முதலில் அதற்கு வழி தெரியவில்லை. உதட்டால் தேடியது, விட்டது, களைத்துக் கண்ணை மூடிக்கொண்டது. பிறகு கன்னம் ஒரு தரம் குழிந்தது. நின்றது. மறுபடி குழிந்தது. தொண்டையில் 'களுக்' என்று சின்னச் சத்தம். பக்கத்துக் கட்டில் பெண்கள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள்.

*

பதினெட்டாம் நாள் ஊருக்குத் திரும்பினார்கள். காதும் கண்ணும் எப்படி இருக்கிறது என்று ஒரு வருஷத்துக்கு மாதாமாதம் காட்டச் சொல்லியிருந்தார்கள். மூக்கின் மேல் கறுப்பு அப்படியே இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக மறையும் என்றார்கள். தெருவிலும் இன்னும் யாருக்கும் வலி முழுசாக விடவில்லை. சிலருக்கு அது இரண்டு வருஷம் விடாமல் இருந்தது. ஆனால் புதிதாக யாரும் படுத்துப் பத்து நாளாகியிருந்தது.

பார்க்க வந்தவர்கள் ஒருவருக்கும் குழந்தையைத் தூக்கத் தைரியமில்லை. கையை நம்ப முடியவில்லை. தூர நின்று பார்த்து, நெட்டி முறிக்கக்கூட முடியாமல், வாயால் 'ட்டொக்' என்று சத்தம் போட்டுத் திருஷ்டி கழித்தார்கள்.

பூவாயி சுவரில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டி உட்கார்ந்தாள். "மடியில வையி. கையில வேணாம்."

தங்கம்மாள் குழந்தையை அவள் மடியில் கிடத்தினாள். பூவாயி குனிந்து அதன் முகத்தைப் பார்த்தாள். கன்னத்தைத் தொடலாமா வேண்டாமா என்று, வீங்கின ஆள்காட்டி விரலை மெதுவாக நீட்டினாள். குழந்தையின் கை காற்றில் துழாவி வந்து அந்த விரலைப் பற்றியது. பற்றி இறுக்கியது.

பூவாயி பல்லைக் கடித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அய்யோ, வலிக்குதாக்கா?" தங்கம்மாள் பதறிப்போய்க் குழந்தையின் விரல்களைப் பிரிக்கக் குனிந்தாள்.

"வலிக்குதுடி. உசுரு போவுது." பூவாயி மற்றக் கையால் அவளைத் தடுத்தாள். "பிரிக்காத. செத்த நேரம் புடிக்கட்டும். எத்தினி பெலம் பாரேன், யம்மாடி, எத்தினி பெலம்!"